அடி வாங்கியவன் முதலில் பேச வேண்டும்

காரோடு,
வியாழக்கிழமை

அன்பு மகள் லிஷாவுக்கு அம்மை எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே உயிரோடும் ஏறக்குறைய முழு உறுப்புகளோடும் இருக்கிறோம், நீ மால்டாவில் அந்த முதியோர் இல்லத்து நர்ஸ் வேலையில் நோய்நொடி அண்டாமல் இருக்க மாதாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். 'ஏறக்குறைய' அம்மை சொன்னதல்ல, நான் சேர்த்தது. அக்கா, எழுதுவது உன் தம்பி சிஜோ. அம்மை கட்டிலில் இருந்து சொல்கிறாள், நான் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் சொல்வதில் முக்கால் பங்கு என்னைத் திட்டுவது, அதை எழுதவும் என்னையே உட்கார வைத்திருப்பது எந்த நியாயத்தில் சேரும் என்று நீயே சொல். போனில் பேசலாம்தான், ஆனால் திரையில் உன் முகத்தைக் கண்டதும் அம்மை அழத் தொடங்கி, அழுது முடிப்பதற்குள் உனக்கு டியூட்டி வந்துவிடுகிறது, விஷயம் பாதியில் நிற்கிறது. பக்கத்து வீட்டு மோகனன் அண்ணனின் மகள் சனிக்கிழமை அங்கே புறப்படுகிறாள், முந்திரிக்கொத்துப் பொதியோடு இதையும் கொண்டு தருவாள். அம்மைக்கு வலது மணிக்கட்டில் கட்டு. எலும்பு முறியவில்லை, பிசகியிருக்கிறது, பயப்படாதே. என்னை அடிக்க ஓங்கினாள், நான் குனிந்தேன், கதவின் நிலைக்கால் குனியவில்லை. அப்பா மீன்பிடிக்க வள்ளத்தோடு கொல்லம் பக்கம் போயிருக்கிறார், அவர் காதுக்கு இதுவரை ஒன்றும் எட்டவில்லை, எட்டக் கூடாது என்பது அம்மையின் உத்தரவு.

ஏன் ஓங்கினாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கள் மலையாளப் பள்ளியின் நாடகக் குழு ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் போட்டிக்குப் போகிறது. ஸ்மிதா டீச்சர் எழுதிய நாடகம். செய்யாத திருட்டுக்கு ஒருவனைப் பிடித்துப் போய் போலீஸ் ஸ்டேஷனில் அடிக்கிறார்கள், அவன் ஒத்துக்கொள்கிறானா இல்லையா என்பதுதான் கதை. அடி வாங்குகிறவன் அகிலேஷ், தனுவச்சபுரத்துக்காரன், என் வகுப்பில் என் பெஞ்சு. அடிக்கிற போலீஸ் நான். தொடக்கத்தில் செய்தித்தாளைச் சுருட்டித்தான் அடித்தேன், மழை நாளில் தலைப்புச் செய்தி முழுக்க அவன் சட்டையில் ஒட்டி, அவன் நடமாடும் பத்திரிகையாக வீட்டுக்குப் போனான். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து எங்கே சொதப்பினோம் என்று பேசுவோம், மேடையில் அடி வாங்கியவன்தான் முதலில் பேச வேண்டும், அவன் முடிக்கும்வரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது, டீச்சரும்தான்.

போன வாரம் டீச்சர் முதன்முறையாகப் பிரம்பைக் கையில் தந்தார். அங்கேதான் தப்பு நடந்தது, அது நம் தெருவில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நம் கோயிலில் பெரிய வெள்ளிக்குப் போடும் பாடுகளின் நாடகத்தில் எலியா மாமன் இயேசுவாக நிற்கும்போது வெள்ளை அங்கிக்கு உள்ளே அம்மை தைத்த வலைமெத்தை இருக்குமே, கிழிந்த வலையை மடித்து மடித்துச் சாக்குக்குள் வைத்துத் தைத்தது. அவரைச் சாட்டையால் அடிக்கிற பட்டாளக்காரனாக நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று, கை தளரக் கூடாது, தளர்ந்தால் மாமன் நேர்ந்துகொண்ட நேர்ச்சை பலிக்காது. நான் பால்பல் விழுந்த நாளிலிருந்து பட்டாளக்காரன், என் கைக்கு வேறு மாதிரி அடிக்கத் தெரியாது. அடி வாங்க நிற்கிறவன் சட்டைக்குள் மெத்தை கட்டியிருப்பான் என்பதை யாரிடமும் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அகிலேஷுக்கோ நாடகத்தில் அடி என்றால் அடிக்கிற மாதிரி, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளாமல் மேடை ஏறினோம்.

முதல் அடிக்கு அவன் மேஜை மேல் குப்புற விழுந்தான். பயல் தேறிவிட்டான் என்று நினைத்தேன். அடுத்ததற்கு 'எம்மோ' என்று அலறினான். அது மலையாள நாடகம், எழுதிக் கொடுத்த வசனம் 'அம்மே'. இவன் 'எம்மோ, சாவப்போறேனே' என்று வீட்டுத் தமிழில் அலறுகிறான். கீழே இருந்து டீச்சர், நன்றாக இருக்கிறது, நிறுத்தாதே என்றார். நிறுத்தவில்லை. பிரம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம், அதன் பிறகு துணியில் விழும் சத்தம், துணி நனைந்துவிட்டதால் அந்தச் சத்தம் மாறியதைக்கூட நான் கவனிக்கவில்லை. எழுத்தர் வேஷத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த ரேஷ்மி ஓடி வந்து வீச்சின் நடுவில் பிரம்பைக் கையால் பிடித்தாள், அவள் உள்ளங்கை பிளந்தது. 'எலே பிராந்தா, அவனுக்க சட்டையைப் பாருல' என்றாள். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டி வரிவரியாகச் சிவந்திருந்தது, ஓரிடத்தில் துணி கிழிந்து அதற்குக் கீழே தோலும் கிழிந்து வாய் பிளந்து கிடந்தது.

மருந்து வைத்த பிறகு வட்டத்தை அன்றைக்கு விட்டிருக்கலாம், அகிலேஷ்தான் உட்காரணும் என்று பிடிவாதம் பிடித்தான். சுவரில் சாய முடியாமல் முன்னால் வளைந்து உட்கார்ந்தான். 'எலே சிஜோ, நீ நடிச்சியா, எனக்க அடியந்திரம் கழிச்சியா' என்றான். அடியந்திரம் செத்தவனுக்குப் போடும் சாப்பாடு, அதன் தலையிலேயே ஒரு அடி இருக்கிறது என்று என் நாக்கு நுனிவரை வந்தது, நல்லவேளை கடித்துக்கொண்டேன். அவன் முடித்த பிறகு நான் கேட்டது ஒன்றுதான், 'உனக்க மெத்தை எங்கல.' அவன், 'என்ன மெத்தை' என்றான். நான் ஜன்னலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அகிலேஷின் அண்ணன் அனூப் பைக்கில் வந்தான். வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே என் முகத்தில் அடித்தான். விழுந்த இடத்தில் விலாவில் மிதித்தான். உதடு கிழிந்தது, முன்பல் ஒன்று இன்னும் ஆடுகிறது, நாடகத்தில் ஆட்டமும் இருக்கட்டுமே என்று விட்டிருக்கிறேன். 'எனக்க தம்பி கமந்து கெடக்கான். இனி அவனுக்க மேல ஒரு வரி விழுந்துதெண்ணா உனக்க கையை முட்டோட எடுப்பேன், கேட்டியா' என்றான். கேட்டேன், ஒரு காதில் மட்டும், மற்றதில் கொஞ்ச நேரம் கடல்தான் இரைந்தது. திருப்பி அடிக்கவில்லை. அவன் தம்பிக்கு நான் கொடுத்ததைவிட இது குறைவு என்று விழுந்து கிடக்கும்போதே தெரிந்தது. வீட்டில் என் வாயைப் பார்த்ததும் அம்மை அடுக்களையிலிருந்து வெட்டுகத்தியோடு இறங்கினாள், எவன் எவன் என்று தெரு முழுக்கக் கேட்க. நான் காரணத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் மேல் கையை ஓங்கினாள். நிலைக்காலின் கதை அதுதான்.

இங்கே அம்மை ஒன்றை அவள் சொன்னபடியே எழுதச் சொல்கிறாள். 'மக்களே, நான் தைச்ச மெத்தையில அடிச்சுப் பழகின கையாக்கும் அது. இப்படி அடிக்கப்பிடாதுண்ணு நான் ஒரு நாளும் சொல்லல்ல. அந்தப் பிள்ளைக்க முதுகில எனக்க கையும் உண்டு.' எழுதிவிட்டேன். இப்போது மூக்கைச் சிந்துகிறாள், நான் தொடர்கிறேன்.

அகிலேஷ் இல்லாமல் நாடகம் இல்லை, அவனை அனுப்ப மாட்டேன் என்று அவன் அம்மா சத்யபாமா சொல்லிவிட்டார். நாடகம் போனால் போகட்டும் அக்கா, இனி என் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. சண்டையில் முதுகு காட்டுகிறவன் கோழை என்பார்கள், அவன் எனக்கு இன்னொரு முறை முதுகு காட்டினால் போதும் என்று இருந்தது. கட்டுப்போட்ட கையோடு அம்மை என்னையும் வலைமெத்தையையும் ஒரு பெரிய நெய்மீனையும் தூக்கிக்கொண்டு தனுவச்சபுரத்துக்கு பஸ் ஏறினாள். சத்யபாமா அம்மா மீனைத் தொடவில்லை. 'எனக்க பிள்ளையை அடிச்சு நீங்க கப்பு வாங்கண்டாம்' என்றார். அம்மை, 'எனக்க பிள்ளையை உங்க மூத்தவனும் அடிச்சிருக்கான், அதைப் பேச நான் வரல்ல. இவனுக்கு அடிக்கத் தெரியாது, அதைச் சொல்லத்தான் வந்தேன்' என்றாள். அனூப் வாசலிலேயே நின்றான், முஷ்டியைத் திறக்கவே இல்லை. சத்யபாமா அம்மா மெத்தையை வாங்கி மடியில் வைத்து ஓங்கி ஒரு குத்து விட்டுப் பார்த்தார், இன்னும் ஒன்று. பிறகு, 'கடைசி ஒத்திகைக்கு நான் வாறேன். முன்னால இருப்பேன். எனக்குச் சங்கடம் தோணிச்செண்ணா அவனைக் கையோட கூட்டிட்டுப் போவேன், பின்ன நாடகம் எண்ணு ஒருத்தனும் இஞ்ச வரப்பிடாது' என்றார்.

மெத்தையோடு நடந்த முதல் ஒத்திகை பார்க்கச் சகிக்கவில்லை. அகிலேஷ் ஆமை மாதிரி வந்தான், நான் அடித்தால் தலையணை தட்டுகிற சத்தம், கிழிந்த தோல் ஞாபகம் வந்து என் கை நடுவழியில் நின்றது. வட்டத்தில் அவன் சொன்னான், 'வலிக்காதுண்ணு தெரியும், அதனால எனக்குப் பயம் வரல்ல.' டீச்சர் பிரம்பை என்னிடமிருந்து வாங்கி அவனிடம் கொடுத்து, வேஷத்தை மாற்றச் சொன்னார். மெத்தையை நான் கட்டிக்கொண்டு மேஜையில் குப்புறக் கிடந்தேன். அகிலேஷ் என்னைச் சுற்றி நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். பிரம்பு தரையில் உரசுகிற சத்தம் ஒரு பக்கம் கேட்கும், நான் அந்தப் பக்கத்துத் தோளை இறுக்குவேன், அடி வராது. வந்தபோது மெத்தை இல்லாத தொடையில் வந்தது, முழுக் கையோடு, மனசோடு. அதே இடத்தில் இன்னொன்று. மூன்றாவதை அவன் அழுதுகொண்டே அடித்தான். யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. தொடை இப்போதும் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது.

வட்டத்தில் நான் முதலில் பேச வேண்டும். எப்போதும் வாயில் தயாராக நிற்கிற கோமாளி அன்றைக்கு லீவு. 'அடி வலிச்சுது, அடுத்தது எப்பம் எண்ணு தெரியாம கெடந்ததுதான் கூட வலிச்சுது' என்றேன். அதிலிருந்துதான் காட்சியைத் திருத்தினோம். மெத்தையைப் பிரித்துத் தட்டையாக்கினோம், கூன் போனது. போலீஸ் சுற்றி நடக்க வேண்டும், பார்க்கிறவர்கள் காத்திருந்தே பாதி சாக வேண்டும். அடிக்கு முன்னால் நான் இடது பூட்ஸால் தரையை மிதிப்பேன், கீழே இருப்பவர்களுக்கு அது கோபம், அகிலேஷுக்கு அது சைகை, உடம்பை மெத்தைக்குள் ஒதுக்கிக்கொள்வான். அலறல் மட்டும் மலையாளம் வேண்டாம், அன்றைக்கு வந்ததே வரட்டும் என்று டீச்சர் சொன்னார். நிறுத்தாதே என்று சொன்ன நாளிலிருந்து டீச்சர் ஒத்திகையில் உட்காருவதில்லை, மேடையோரமாக நின்றுகொண்டே இருக்கிறார்.

நேற்று கடைசி ஒத்திகை. சத்யபாமா அம்மா முன் வரிசையில், பக்கத்தில் நம் அம்மை, கதவில் அனூப். நான் நடந்தேன். பிரம்பால் மேஜைக் காலைத் தட்டினேன், சுவரைத் தட்டினேன், அகிலேஷின் காதோரம் வீசினேன். மிதித்தேன், அடித்தேன். மேஜை நகர்ந்தது. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி முகத்தை அவர்கள் பக்கம் திருப்பி, செய்தாயா என்று கேட்டேன், இல்லை என்றான், முகத்தை மேஜையில் மோதினேன், அடித்தேன், அடித்தேன். வாயில் கடித்து வைத்திருந்த சிவப்புச் சாயம் தாடையில் வழிய அவன் 'எம்மோ, எம்மோ, சாவப்போறேனே' என்று கத்தினான். சத்யபாமா அம்மா எப்போது எழுந்தார் என்று நான் பார்க்கவில்லை. மேடையில் அவருடைய தோள் என் நெஞ்சில் இடித்தது, நான் மல்லாந்து விழுந்தேன், பிரம்பு அவர் கையில். அனூப் ஓடி வந்து என் மணிக்கட்டை மிதித்துக்கொண்டு நின்றான், அழுத்தவில்லை, ஆனால் அழுத்துவான். அவர் மகனின் சட்டையைக் கழுத்திலிருந்து கீழ்வரை கிழித்தார். மெத்தையைப் பிய்த்து எறிந்தார். பழைய வரிகள் கறுத்துப் பொருக்குத் தட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. மறுபடியும் மேலிருந்து தேடினார்.

'பின்ன என்னத்துக்குல எம்மோண்ணு விளிச்ச' என்று கேட்டார். அகிலேஷ், 'நடிச்சேன், அம்மா' என்றான். அவர் விட்டார் ஒரு அறை. ஹால் முழுக்கக் கேட்டது, அவன் தலை ஒரு பக்கம் திரும்பிவிட்டது. நேற்றைய ஒத்திகையில் உண்மையாக விழுந்த அடி அது ஒன்றுதான்.

அனூப் காலை எடுத்தான். சத்யபாமா அம்மா பிரம்பை மேஜையில் வைத்தார். யாரையும் பார்க்காமல், 'ஞாயிறாழ்ச்ச எத்தர மணிக்கு' என்று கேட்டார். டீச்சர் சொன்னார். 'வாறேன். முன்னால இருக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு இறங்கி, நம் அம்மையின் நல்ல கையைப் பிடித்து எழுப்பி, இரண்டு பேருமாகக் கடைசி வரிசைக்குப் போனார்கள். அகிலேஷின் கன்னத்தில் விரல்கள் பதிந்திருக்க, வழக்கப்படி அவன்தான் பேச வேண்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். 'எலே, இன்னும் ஒருக்க செய்வோம்' என்றான். கிழிந்த சட்டையோடு, மெத்தையை எடுத்துக் கட்டாமலே மேஜை மேல் குப்புறப் படுத்தான். நான் பிரம்பை எடுத்தேன். அக்கா, அந்தத் தடவை அடித்ததுதான் நான் இதுவரை அடித்ததில் நல்ல அடி, அவன் முதுகுக்கும் பிரம்புக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது.

இனி அம்மை சொல்வது. அந்தப் பிள்ளையின் முதுகில் தழும்பு நிற்காமல் இருக்க உங்கள் இல்லத்தில் என்ன களிம்பு போடுவார்கள் என்று கேட்டு எழுது, பெயரை மட்டும் அனுப்பு, இங்கே வாங்கிக்கொள்வோம். இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்க்காதே, ரொட்டியைத் தின்று வயிற்றைக் காயப் போடாதே, சோறு வை. கோபம் வந்தால் கையை மடக்கிக்கொள், அந்த வயசானவர்கள் உன்னைக் கடித்தாலும் மடக்கிக்கொள். அப்பாவிடம் பேசும்போது என் கையைப் பற்றியோ இவன் பல்லைப் பற்றியோ வாயைத் திறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அங்கே பூசைக்குப் போனால் இரண்டு மெழுகுவர்த்தி, ஒன்று நம்முடையவனுக்கு, ஒன்று அகிலேஷுக்கு. மாதா உன் தலைக்கு மேலே கை வைத்து நடத்தட்டும், அடிக்காத கை.

உன் அம்மை,
பெர்த்தா

எழுதியது சிஜோ, அடிபட்ட தொடை தரையில் படாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி