ஆறு மணி மோர்பின்

றொக்சன் அண்ணே,

நான் தலவாக்கலைக்கு வகுப்புக்குப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் சாப்பிடுவதற்கு முன், சரியாக ஆறு மணிக்கு, அப்பாவுக்கு மோர்பின் கொடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் பேனையால் கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோடு வரைக்கும்தான். சரியா என்று மூன்று தரம் டொக்டரின் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன்.

நேற்று நீங்கள் கொடுக்கவில்லை. எட்டு மணிக்கு நான் வந்தபோது அப்பா துவாயைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நீங்களோ வாசலில் நின்று, "பாத்தியா, அதுக்குள்ள பழகிட்டாரு. குடு குடுன்னு பேரு சொல்லியே கேக்குறாரு" என்றீர்கள்.

சிங்களத்தில் போதைத்தூளுக்குக் 'குடு' என்றுதான் பெயர், அண்ணே. ஆனால் அப்பா கேட்டது தமிழில். மருந்தைக் குடு என்று கெஞ்சியிருக்கிறார். இருபத்தெட்டு வருஷமாகத் தமிழ் பேசுகிற உங்களுக்கு இது விளங்கவில்லை!

புற்றுநோய் எலும்பு வரைக்கும் போன மனிதர் இனி எதற்குப் பழகப் போகிறார்? சனிக்கிழமை தவறாமல் சாராயம் குடிக்கிற நீங்கள் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நோவு வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அது வருவதற்கு முன்னே கொடுக்கத்தான் டொக்டர் நேரம் எழுதித் தந்தார்.

ஜொய்சி

கூடிப்போய் எழுதிவிட்டேனோ தெரியாது. திருப்பி எழுத நேரமில்லை, பஸ் வந்துவிடும்.

முதல் நாள் எனக்கும் கை நடுங்கியது. அப்பாவே என் கையைப் பிடித்து சிரிஞ்சை வாயில் வைத்துக்கொண்டார். உங்களுக்கு நடுங்கினாலும் பிடித்துக்கொள்வார்.