நீ கடைசியாக எடுத்த ஆன்டிஜன்

என் சிடுமூஞ்சி ருக்குவுக்கு,

ராணி நன்றாக இருக்கிறாள். முதலில் அதைத்தானே கேட்பாய்? லேபுக்குப் பின்னால் கொட்டகையில் இருக்கும் நம் செம்மறிக்கு வயதாகிவிட்டது, இப்போது அவளிடம் ரத்தம் எடுப்பதில்லை. தளி பஸ்ஸில் நீ கொண்டுவரும் கோஸ் இலைக்காக இன்னும் வாசலையே பார்க்கிறாள். நான் ஓசூர் மார்க்கெட்டில் வாங்கிப் போடுகிறேன். தின்றுவிட்டு என்னை முட்டுகிறாள், நன்றி கெட்டவள்.

நம் வேலையை வீட்டில் யாருக்காவது புரியவைக்க முடிந்ததா? டைபாய்டு கிருமியை வளர்த்து, கொதிக்கவைத்து, சுழற்றி, அடியில் தங்கும் சக்கையைத் தள்ளிவிட்டு மேலே நிற்கும் தெளிந்த நீரை நீ எடுப்பாய். அதில்தான் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிஜன். ராணியின் சிவப்பணுக்களை நான் கழுவித் தருவேன், அது அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல்காரரின் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் சீரத்தை அதில் விட்டால், டைபாய்டு இருந்தால் அணுக்கள் தட்டுக் குழியின் அடியில் பாய் விரிக்கும். இல்லையென்றால் பொத்தான் மாதிரி நடுவில் குவியும். "கிருமிய கஞ்சி காச்சறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று என் அம்மா கேட்டதற்கு நீ சிரித்த சிரிப்பு!

உனக்குக் காய்ச்சல் கண்ட மறுநாளே நீயே ரத்தம் எடுத்து, உன் ஆன்டிஜனை வைத்தே பார்த்தாய். பொத்தான்.

"ஏனூ இல்ல கணே நூரு! ஒண்ணுமில்லடி, வெறும் சளிக் காய்ச்சலு. பொத்தான் எவ்ளோ அழகா உக்காந்திருக்கு பாரு."

ரத்தத்தில் எதிர்ப்பு ஊற ஒரு வாரமாவது ஆகும், முதல் வாரத்தில் பொத்தான் வந்தால் நம்பாதீர்கள், மறுபடி பாருங்கள் என்று நம் லேப் அனுப்பும் ஒவ்வொரு சோதனை டப்பாவிலும் நாம்தானே சீட்டு ஒட்டினோம்? ஊருக்கெல்லாம் சொன்னவள் உனக்கு மட்டும் ஏன் சொல்லிக்கொள்ளவில்லை? டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன். "என் கைமேல நம்பிக்கை இல்லையா?" என்று முறைத்தாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, பாவி.

குடலில் ஓட்டை விழுந்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடினாய். காரியம்கூட முடியவில்லை, "அவளுக்கே டைபாய்டு காட்டல, அந்தப் பொண்ணு எடுத்த ஆன்டிஜன் சரியில்ல, எல்லாத்தையும் கொட்டிடுங்க" என்றார் மேனேஜர். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ! "என்னையும் சேத்து வெளிய தள்ளுங்க சார்" என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்று சோதிக்கச் சொல்லி உன் அண்ணன் கொண்டுவந்த உன் ரத்தம் ஃப்ரிட்ஜில் இருந்தது. பார்ப்பதற்குள்தான் நீ போய்விட்டாயே. மேனேஜர் கண்ணெதிரே அதன் சீரத்தை உன் ஆன்டிஜன் ஒட்டிய அணுக்களில் விட்டேன்.

பாய் விரிந்தது ருக்கு. ஒரு சுருக்கமில்லாமல், ஓரம்வரை. மேனேஜர் எழுந்து வெளியே போனார். நான் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன் வேலை சரிதான் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

இப்போது சூளகிரி வரை கம்பெனிகள் வந்துவிட்டன. உன் மேஜையில் நான்தான் ஆன்டிஜன் எடுக்கிறேன். போன மாதம் உன் அண்ணன் தன் மகளைக் காய்ச்சலோடு கூட்டிவந்தார். பொத்தான் விழுந்தது. "அப்பாடா" என்று எழுந்தவரின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணா, இத நம்பாதீங்க. இப்பவே டாக்டர்கிட்ட போங்க. அடுத்த வாரம் மறுபடி கூட்டிட்டு வாங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டாவது முறை பாய் விரிந்தது. பயப்படாதே, அதற்குள் மருந்து பாதி முடிந்திருந்தது. நேற்று உன் அண்ணன் மகள் வந்து ராணிக்கு இலை போட்டாள். உன்னைப்போலவே முறைக்கிறாள்.

யார் முறைத்தாலும் இனி நான் பிடித்த கையை விடமாட்டேன், ருக்கு.

உன் உடன்பிறவாத் தங்கை,
நூர்ஜகான்