ராணி பேசாத பனிக்காலம்

நவம்பர் 19, செவ்வாய்

இன்றோடு பத்து நாள். ராணி என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. தேத்தண்ணீர் வருகிறது. கோப்பையை மேசையில் வைக்கும் சத்தத்திலிருந்து அன்றைய நிலவரத்தை அறிந்துகொள்கிறேன். இன்று சத்தம் நடுத்தரம்.

பிழை என்னுடையதுதான், எழுதி வைக்கிறேன். முக்கால் மணித்தியாலக் கார்த் தூரத்தில், விட்பியில் இருக்கும் மகள் நிலக்சிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. "ரெண்டு பேரும் எங்களோட வந்து இருங்கோ அப்பா, கீழ பேஸ்மென்ற் முழுக்க உங்களுக்குத்தான்" என்று கேட்டாள். நான் உடனே, "அம்மாவுக்கு இந்த மில்லிக்கன் வீட்டை விட்டு வர விருப்பமில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

ராணியிடம் நான் கேட்கவே இல்லை. விருப்பமில்லாதவன் நான். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி வீடு, அதற்குள் நூற்று நாற்பது சட்டிகளில் மலைச்செடிகள். அவற்றை விட்டு எப்படிப் போவது? அதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பழியை ராணியின் தலையில் வைத்தேன்.

நிலக்சி அடுத்த நாளே தாயிடம் கேட்டிருக்கிறாள். ராணி நேரே என்னிடம் வந்தாள்.

"எனக்கு விருப்பமில்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அதுதான் கடைசி வசனம்.

நவம்பர் 24, ஞாயிறு

வாய்திறக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவரிடம் நன்றாகக் கதைக்கிறாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

கிழங்கிலிருந்து வரும் வெள்ளை நார்சிசஸ் பூத்துவிட்டது. பாவாடையை விரித்துப் பிடித்தது போல ஒரு பூ, பெருவிரல் உயரம். வெளியே கணுக்கால் வரை பனி. முப்பத்தொரு வருடம் காருக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் நின்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ராணிக்கு இந்தக் கிழங்குகள் எல்லாம் வெங்காயம். முன்பு விருந்தாளிகளிடம், "இவர் வெங்காயத்துக்கு ஹீற்றர் போட்டு வளக்கிறார்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பகிடி இப்போது இல்லை. பகிடி பண்ணும்போது பிடிக்காது. இல்லாதபோது ஏதோ குறைகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

பனிக்காலத்தில் இந்தச் செடிகளைப் பார்ப்பதற்கு ஒரே விதிதான்: கையைப் பின்னால் கட்டிக்கொண்டிரு. பத்து நாளுக்கொருமுறை காலையில் சட்டி ஓரத்தில் ஒரு சொட்டு. மேல்மண் காய்ந்து கிடக்க வேண்டும். மலையில் பாறை இடுக்கில் பிறந்த சாதிகள் இவை, கால் நனைந்தால் செத்துவிடும்.

சக்சிபிராகாவில் மொட்டுத் தெரிகிறது. விதை போட்டு ஏழு வருடம். பாசி பிடித்த கல்லு மாதிரி, உள்ளங்கை அளவு. முதல் மொட்டு. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குள் வந்து, "மொட்டு வந்திட்டுது" என்றேன். ராணி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

ஜனவரி 9, வியாழன்

லூவிசியாச் செடி ஒன்று போய்விட்டது. கழுத்தடி கூழாகி, தொட்டதும் கையோடு வந்தது. ஒன்றுதானே. போகட்டும்.

ஜனவரி 17, வெள்ளி

ஒன்று இல்லை, பதினொன்று. கூரை ஒழுகுகிறதா என்று ஏணி வைத்துப் பார்த்தேன். ஒழுகவில்லை. ஹீற்றரின் காற்றாடியைக் கழற்றிப் பூட்டினேன். ஒரு திருகாணி மிச்சம். அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, காற்றாடி சுற்றுகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

இப்போது சந்தேகம் பக்கத்து வீட்டு மரியோவில். போன இலையுதிர்காலத்தில் மண்ணோடு கலக்கச் சரளைக்கல் கொடுத்தவர் அவர். வேலிக்கு மேலால், "உம்முடைய கல்லில் ஏதோ பிழை" என்றேன். மரியோவுக்கு எழுபத்தெட்டு வயது. கோபப்படவில்லை. உள்ளே வந்து ஒரு சட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"கல்லுக்குக் கையில்லை. இதுக்கு யாரோ நல்லாத் தண்ணி குடுக்கினம்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் சிரித்தேன். யார் கொடுப்பது? இந்த வீட்டில் எனக்கே தண்ணீர் கேட்டால்தான் வரும். கேட்க முடியாத நிலை வேறு.

பெப்ரவரி 11, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைகளில் நான் நீந்தப் போகிறவன். இன்று நீச்சல் தடாகம் பூட்டு, ஏதோ திருத்த வேலையாம். பத்து மணிக்கே திரும்பி வந்தேன். பின்பக்கத்துக் கண்ணாடி வீட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே ராணி. ஹவுஸ்கோட்டுக்கு மேலே என்னுடைய ஜக்கெட், காலில் என்னுடைய பூட்ஸ். கையில் அரிசி கழுவிய தண்ணீர், பெரிய சட்டி நிறைய. ஒவ்வொரு செடிக்கும் தாராளமாக ஊற்றுகிறாள். பொங்கலுக்கு வந்தவர்களுக்குப் பாயசம் ஊற்றுவது போல.

செடிகளோடு கதைக்கிறாள்.

"குடியுங்கோ. மண் காஞ்சு போய்க் கிடக்கு. அந்தாளுக்கு நான் கதைக்கேல்லையெண்டு கவலை, உங்களையும் பாக்கிறேல்லை. அதுக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து காருக்குள் அரை மணித்தியாலம் இருந்தேன். என்ன மனுசி இவ? என்னோட கோவம், என்ர கிழங்கோட கோவமில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? மூன்று மாதமாகக் கதைக்காதவளிடம் "தண்ணி விடாதையும்" என்றா கதையைத் தொடங்குவது?

நேற்று முழுநாளும் பனி கொட்டியது. வாசலில் அள்ளினேன். ராணி கதவடியில் கையுறையை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பெப்ரவரி 18, செவ்வாய்

நீந்தப் போனேன். வேண்டுமென்றே மெதுவாக வந்தேன். எல்லாச் சட்டியும் நனைந்திருந்தது.

பெப்ரவரி 21, வெள்ளி

சக்சிபிராகா போச்சு. மொட்டோட.

பெப்ரவரி 22, சனி

ஏழு வருடத்துச் செடி செத்ததற்கு எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. காலையிலிருந்து ஒரே யோசனை. பேரப்பிள்ளைகளிடம் போய் இருக்க அவளுக்கு ஆசை. அதை இந்தச் சட்டிகளுக்காக நான் பொய் சொல்லித் தடுத்தேன். அவளோ அதே சட்டிகளுக்கு அரிசித்தண்ணி சுமந்துகொண்டு பனிக்குள் நடக்கிறாள்.

"மகேஸ்வரா, உனக்கு வெட்கமில்லையா?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

காலை பத்து மணிக்கு, குசினி மேசையில் இருந்தபடி, ராணிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு நிலக்சியை அழைத்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு அம்மாவுக்கு விருப்பமில்லையெண்டு சொன்னனான். அது பொய். நான் அம்மாவைக் கேக்கேல்லை. எனக்குத்தான் என்ர செடியளை விட்டு வர மனமில்லை."

அந்தப் பக்கம் சின்னவன் அழுதான்.

"சீரியஸ்லி அப்பா?" என்றாள் நிலக்சி. "அம்மா வரமாட்டா எண்டு நான் எவ்வளவு அப்செற்றா இருந்தனான் தெரியுமோ?" பிறகு குரல் இறங்கியது. "அவரின்ர அம்மா, மாமி, போன கிழமை லண்டனிலயிருந்து வந்திட்டா. பேஸ்மென்ற்றை அவவுக்குக் குடுத்திட்டம்."

குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ராணியை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. போனை வைத்த பிறகும் நெடுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"உங்கட வெங்காயமெல்லாம் ஏன் அழுகுது?"

நூற்றாறு நாளுக்குப் பிறகு.

"தண்ணி கூடிப்போச்சு."

"ஆர் விட்டது?"

"நானும் விட்டனான்."

"நானும் எண்டால்?"

நான் கண்ணாடி வீட்டுப் பக்கம் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"கண்டனீங்களோ?"

"ஓம்."

"எப்ப?"

"பன்னிரண்டு நாளாகுது."

"கண்டிட்டு ஏன் சும்மா இருந்தனீங்கள்? சொல்லியிருக்கலாம்தானே?"

"கதைச்சால்தானே ராணி சொல்லுறது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அது அழுகையாக மாறியது. பேஸ்மென்ற்றுக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை.

"மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

இருவருமாகச் சட்டிகளைத் தரம் பிரித்தோம். அறுபத்திரண்டு உயிரோடு. ஒவ்வொரு செத்த செடிக்கும் ராணி பெயர் கேட்டாள். சொன்னேன். "உந்தப் பேரைக் கூப்பிட்டாலே அது செத்திடும்" என்றாள்.

சக்சிபிராகாச் சட்டியைக் கையில் எடுத்தபோது மட்டும் பகிடி வரவில்லை. "இதுதானே அண்டைக்கு மொட்டு வந்தது?" என்று கேட்டாள். ஓம் என்றேன். தானே மண்ணைக் கொட்டி, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மார்ச் 26, புதன்

வேலியோரம் ஸ்னோட்ராப் பூ வந்துவிட்டது. ராணி மரியோவிடம் கைகளை ஆட்டி, தான் அரிசித்தண்ணி ஊற்றிய கதையை ஆங்கிலத்தில் நடித்துக் காட்டினாள். மரியோ வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதையில் வரும் மடையன் நான்தான். பரவாயில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நிலக்சி அழைத்தாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாளாம். மாமிக்குத் தனியே இரண்டு பிள்ளைகளையும் பார்க்க ஏலாது. "கிழமையில ரெண்டு நாள் வந்து நிக்கேலுமோ அப்பா? பெரியவன்ர அறையைத்தான் தரலாம். படுக்கை சின்னன். அம்மா ஓம் எண்டு சொல்லுவாவோ?"

"அம்மாவுக்கு..." என்று தொடங்கிவிட்டேன். நாக்கு அதே தடத்தில் போகிறது.

"பொறு, அம்மாட்டைக் குடுக்கிறன்."

ராணி போனை வாங்கிக்கொண்டு கண்ணாடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் அவளின் உருவம் சட்டிகளுக்கு நடுவே அங்குமிங்கும் நடந்தது. ஒரு தரம் நின்று எதையோ குனிந்து பார்த்தது. இருபது நிமிடம். நான் குசினியில் நின்று கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

வந்தாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

"ஒரு ஒத்திகைக்கு இந்த வியாழக்கிழமை போறம். ஏழு மணிக்கு வெளிக்கிட வேணும், பிறகெண்டால் ரோட்டு முழுக்கக் கார் இறுகிப்போகும்" என்றாள். "உங்கட நீலச் சேட்டை எங்கை வைச்சனீங்கள்? பெரியவனுக்கு அதுதான் பிடிக்கும்."

நான் மாடிக்குப் போய் அந்த நீலச் சட்டையைத் தேடினேன்.