ஐயா என்று அழைத்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அப்பா சாப்பிடுகிறார். உப்பு போதவில்லை என்று குறையும் சொல்கிறார்.

அன்று ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவருடைய அழைப்பை எடுத்தது நான்தான்.

"என் சம்சாரம் பேச்சுமூச்சில்லாம கிடக்குறாம்மா" என்றார். பதற்றத்தில் என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. நான் என்று தெரிந்தால் அங்கேயே உடைந்து உட்கார்ந்துவிடுவார். அம்மாவுக்கு அப்போது இருந்தது அவருடைய இரண்டு கைகள் மட்டுமே.

"ஐயா, நெஞ்சு நடுவுல ரெண்டு கையாலயும் அழுத்துங்க. நான் எண்ணுறேன்."

"அவளுக்கு வலிக்குமேம்மா?"

"பரவாயில்லைங்கய்யா, அழுத்துங்க."

வண்டி போய்ச் சேரும்வரை எண்ணினேன். உயிர் இல்லை என்று ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் சொன்னதைப் பதிவு செய்துவிட்டு, வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று அப்பா சொன்னார்: "உங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு, கடைசிவரைக்கும் என்னைக் கைவிடவே இல்ல. யாருன்னு விசாரிம்மா. ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

விசாரிக்கிறேன் என்றேன். நீயும் வாய்தவறிச் சொல்லிவிடாதே. அழுத்திக்கொண்டே அவர் அம்மாவிடம் மன்றாடியதையெல்லாம் ஊர்பேர் தெரியாத ஒருத்தி கேட்டதாகவே இருக்கட்டும்.

உன் அக்கா