நண்டு முத்திரை முறிந்தது குறித்துக் கருந்துறைக் கோமானுக்கு விடுத்த ஓலை

ஏழு மலைக்கும் இரண்டு ஆற்றுக்கும் உரியவராகிய வெண்குன்ற நாட்டு வேந்தர் திருவான்கோ அடிகளின் ஆணையைத் தலைமேற்கொண்டு, அவர்தம் திருமந்திர ஓலைநாயகம் சாத்தன் கண்டீரன் எழுதுவது: கருந்துறைக் கோமானும் கடல்வாயில் காவலருமாகிய மாறங்காரி காண்க.

உம் நாட்டு உழவர் நலம் பெறுக. உம் பரதவர் வலை நிறைக. உம் கறவைகள் கன்றோடு வாழ்க. உமக்கு மட்டும் இவ்வோலையில் வாழ்த்து இல்லை. அது எழுத்தாணியின் பிழையன்று, எண்ணியே விடுத்தோம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக எம் வேந்தரின் சொல் என் கைவழியே ஊர்களுக்குச் சென்றது. அதன்மேல் என் நண்டு முத்திரை இருந்தால் மதகு திறக்கும், படை நகரும், சிறைக்கதவு விலகும். அம்முத்திரையை நான் எவரிடமும் கொடுத்ததில்லை; குளிக்கும்போதும் கழுத்தில் கிடக்கும். ஆயினும் சென்ற தை மாதம் உம் தூதர் வேட்டன் எம் அவைக்கு வந்து, பொய்யோலைகள் மலிந்த காலம் இது என்றும், எம்மிடமிருந்து வரும் ஓலை மெய்தானா என ஒப்பிட்டுப் பார்க்க உம்மிடம் ஓர் அச்சு இருப்பது இருநாட்டுக்கும் காவல் என்றும் பணிந்து சொன்னபோது, ஈரக் களிமண்ணில் என் முத்திரையை நானே அழுத்திக் கொடுத்தேன். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. களவைத் தடுக்க வந்ததாகச் சொன்ன கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நானே.

மாசி பிறந்த மூன்றாம் நாள், மலைக்கிழான் சேந்தனிடமிருந்து ஓலை வந்தது. நான் புகழ்ந்து எழுதிய கூந்தல் தைலத்தைப் பூசியதில், தலையில் இருந்த கொஞ்ச மயிரும் போயிற்று என்றும், இதற்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்றும் கேட்டிருந்தார். அவையே சிரித்தது. நானும் சிரித்தேன். தைலம் குறித்து நான் எவருக்கும் எழுதியதில்லை என்பது சிரித்து முடித்த பின்னர்தான் உறைத்தது.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் வந்தன. இளமை திரும்பும் வேர் வேண்டி ஒருவர். நான் வேற்றூரில் நோயுற்றுக் கிடப்பதாக அறிந்து வண்டியோடு புறப்பட்டுவிட்ட என் பழைய ஆசான் ஒருவர். தம் ஊர் முத்திரையைப் புதுப்பித்துத் தருமாறு, நான் கேட்டபடியே மெழுகில் அச்செடுத்து, ஓலை கொண்டுவந்தவனிடமே கொடுத்துவிட்டு, வந்து சேர்ந்ததா என்று கேட்ட ஊர்த்தலைவர்கள் ஒன்பதின்மர். அவர்களுக்கு வந்திருந்த எல்லா ஓலையிலும் என் பெயர், என் நண்டு, அதன் இடக்கொடுக்கில் உள்ள சிறு முறிவு உட்பட.

நான் இதைத் துருவிக்கொண்டிருந்த நாளில்தான் ஊசிக்கணவாயின் காவல் தலைவன் விண்ணன் தன் நூறு வீரரோடு தலைநகருக்குள் நுழைந்தான். அவன் என் தமக்கை மகன். திருவிழாக் காவலுக்கு உடனே இறங்கி வருக என்று நான் எழுதியதாக ஓலையை நீட்டினான். அவன் இறங்கிய மறுநாளே உம் படை கணவாயில் ஏறியது. காய்ச்சலால் நடக்க முடியாமல் தங்கிவிட்ட தித்தன் என்பவனும், அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப் பின்தங்கிய ஓரியன் என்பவனும் அங்கே வெட்டுண்டனர். நோயாளியைப் பாயோடு வெட்டியதாக ஆடு மேய்ப்போர் வந்து சொன்னார்கள். உம் மறவரின் வீரத்தை அறிந்துகொண்டோம்.

அச்செய்தி வந்தபோது விண்ணன் என் முன் நின்று, "மாமா, இது உங்க முத்திரைதானே?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நான் இல்லை என்று சொல்லிவிட வேண்டுமே என்று கெஞ்சுவதுபோல் கேட்டான். ஆம், என் முத்திரைதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. மாறங்காரி, உம்மீது எனக்குள்ள பகை அந்தக் கணத்தில் பிறந்தது. இழந்த கணவாயால் பிறந்ததன்று.

ஓலைநாயகத்தை மாற்றுக என்று அமைச்சர் சிலர் சொன்னார்கள். வேந்தர் அவையோரை வெளியே அனுப்பிவிட்டு, என் பெயரை எவ்வாறு மீட்கப் போகிறேன் என்று மட்டும் கேட்டருளினார். கொல்லனை வரவழைத்து அவர் கண்முன்னே என் முத்திரையைப் பட்டடைக் கல்லில் வைத்து உடைக்கச் செய்தேன். மூன்று அடியில் நொறுங்கியது. கழுத்தில் அது கிடந்த இடம் இன்றும் வெறுமையாய்க் குறுகுறுக்கிறது.

உடைத்ததை ஊர்களுக்கு எவ்வாறு அறிவிப்பது? ஓலை எழுதினால் அதுவும் பொய்யென்பர். புது முத்திரை இட்டாலோ சொல்லவே வேண்டா. ஆகவே எழுதுவதை நிறுத்தினோம். ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூரார் முகமறிந்த ஒருவரையே அனுப்பி, எனக்கும் ஊர்த்தலைவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு செய்தியை அவர் காதில் சொல்லச் செய்தோம். சேந்தனிடம் போனவர், இளமையில் பன்றிக்கு அஞ்சி அவர் வேங்கை மரத்தில் ஏறி அமர்ந்ததையும், இறங்க ஏணி கேட்டதையும் சொன்னாராம். "கண்டீரன் செத்தாலும் இதை விடமாட்டான் போல!" என்று சேந்தன் தொடையில் அடித்துச் சிரித்து நம்பினார். இப்படியே பதினெட்டு நாட்களில் எல்லா ஊரும் என் வசம் திரும்பின. நண்டு முத்திரையோடு இனி வரும் ஓலைகளுக்குப் கொண்டுவந்தவனிடமே பணிவாக மறுமொழி எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் செய்யாதிருக்குமாறு அவர்களிடம் சொல்லியிருந்தோம். நீரும் உம்முடையோரும் மகிழ்ந்து எழுதிக்கொண்டே இருந்தீர்.

எங்கள் ஆள் போய்ச் சேருமுன்பே உம் பொய்யை அறிந்தவள் ஒருத்தி உண்டு. பேரேரியின் மதகுக் காவலாகிய நாச்சி என்னும் அவளுக்கு எழுத்து தெரியாது. ஏரியை முழுதும் வடியவிடுக என்று உம் ஓலை சென்றிருந்தது. ஊர்க்கணக்கர் படித்துக் காட்டினாராம். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன், அரச ஓலைக்கு அது வழக்கமன்று எனினும்: "கதிரு பால் புடிக்கிற நேரத்துல ஏரியை வத்தவிடச் சொல்றவன் சோறு திங்கிறவனா இருக்க மாட்டான். நம்ம ஓலைநாயகம் நல்லாச் சோறு திங்கிறவரு. இது அவரு எழுதினதில்ல." என் இருபத்திரண்டாண்டுப் பணிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அவளே வலையும் விரித்தாள். தாழ் இறுகிவிட்டதென்றும், மதகுப் பலகையை எடுக்க முத்திரை தாங்கிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து நிற்பது ஏரியின் பழைய வழக்கம் என்றும் கணக்கரைக்கொண்டு எழுதுவித்து, ஓலை கொண்டுவந்தவனிடமே கொடுத்தனுப்பினாள். அப்படியொரு வழக்கம் எவ்வேரிக்கும் இல்லை. பங்குனி ஐந்தாம் நாள் உச்சிப்பொழுதில் எம் அதிகாரிபோல் பட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உம் தூதர் வேட்டனே வந்தார். வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் கையோடு அவரைப் பிடித்தார்கள். வெற்றிலைப் பையில் வெண்கல நண்டு இருந்தது.

வேட்டனை நாங்கள் அடிக்கவில்லை. சோறிட்டோம், சொன்னார். உம் கப்பற்கொட்டகையில் பதினோர் எழுத்தர் அமர்ந்து என் பெயரால் எழுதியதையும், பிற அரசரிடமும் இவ்வாறே ஏய்த்து அச்சுப் பெற்றதையும், தைலமும் வேரும் எம்மூரார் எவ்வளவு நம்புவர் என்று அறிய விட்ட வெள்ளோட்டம் என்பதையும், அடுத்து எம் வேந்தரின் திருமகளையே உம் துறைக்கு அழைக்கும் ஓலை ஆயத்தமாயிருந்ததையும் சொன்னார். பிள்ளையை வரவழைக்கத் தந்தையின் பெயரில் பொய் எழுதும் கோமானை எம் நாட்டில் என்ன சொல்லி அழைப்பர் என்பதை எழுதினால் பனையோலை கூசும்.

ஆகவே எம் வேந்தர் ஆணை இது. ஊசிக்கணவாயிலிருந்து உம் படை, இவ்வோலை கண்ட எட்டாம் நாள் கதிரவன் சாயுமுன் இறங்குக. தித்தன், ஓரியன் இருவர் உடலையும் புதைத்த இடம் காட்டி, உம் தளபதி வெறுந்தலையோடும் வெறுங்காலோடும் நின்று எம்மிடம் ஒப்புவிக்க. எம் ஊர்களிடமும் பிற அரசரிடமும் நீர் ஏய்த்துப் பெற்ற அச்சுகள் யாவும் விண்ணன் கண்முன்னே உடைபடுக. பதினோர் எழுத்தரையும் நாம் கேட்கவில்லை. ஏவிய வாயை விட்டு எழுதிய கையை நோகோம். வெண்கல நண்டைத் திருப்பிக் கேளாதீர். அதை உருக்கி, சலவைத்துறைக் கழுதை ஒன்றின் கழுத்துக்கு மணியாக்கிவிட்டோம்.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வேட்டன் உம்மிடம் திரும்பமாட்டார். எம் ஓலையும் இனி வராது. வேறு வரும்.

இவ்வோலையின் கீழ் முத்திரை இல்லை. ஒன்று இட்டிருந்தாலும் அது நம்பப்படும் தகுதியை நீரே அழித்துவிட்டீர். இதை உம் கையில் தருபவன் விண்ணன். அவன் முகத்தை நீர் அறிவீர். அதுவும் போதாது, இது கண்டீரன் எழுதியதுதானா என்று ஐயம் எழுமாயின், உம் மாளிகையின் கீழை மதில்மேல் ஏறி ஆற்றின் அக்கரையைப் பாரும். அங்கே நிற்போர் நாலாயிரவர். அவர்களை ஒருவரும் பொய்யாக எழுதிவிட முடியாது.