மாஸ்டரிடம் வாங்கிய ஏச்சு

காரைக்குடி,
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மருதுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி தீபாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வெயில்தான் ஆளை வறுத்து எடுக்கிறது. கடல் தாண்டிப் பெர்த்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிவிடுகிறாள். டவுன் பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கத்திக் கத்தி டிக்கெட் கொடுத்தவன், வீட்டில் வாயைத் திறக்க வழியில்லை. சமையல் மாஸ்டர் மாயக்கண்ணன் உனக்குக் கொடுத்த வேலைச் சான்றின் ஒரிஜினல் இந்தக் கவருக்குள் இருக்கிறது. அது வந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன், உன் அம்மா சொன்னால் அவளே போய் வாங்கி வந்ததாக ஆகிவிடும்.

சமையல்காரனாக அந்த ஊரில் நிரந்தரமாக இருக்க மனுப் போட வேண்டும், அதற்கு இங்கே மூன்று வருஷம் வேலை பார்த்த அத்தாட்சி வேண்டும், வைகாசிக்குள் போகாவிட்டால் விசா முடிந்து பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, அவள் தூங்காவிட்டால் என்னை எங்கே தூங்க விடுகிறாள். மார்கழியில் முகூர்த்தம் இல்லாதபோது நீ வேலை பார்த்த கானாடுகாத்தான் ஓட்டலில் ஒரு சிரமமும் இல்லை, மேனேஜர் ரேணுகா கேட்ட அன்றைக்கே மெயிலில் அனுப்பிவிட்டார். மற்ற மாதமெல்லாம் நீ மாஸ்டரோடு கல்யாண வீடு கல்யாண வீடாகப் போனாயே, அதற்குத்தான் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவருக்கு ஆபீஸ் உண்டா, லெட்டர்பேடு உண்டா? வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த சம்பளத்துக்கு உன் விசா ஏஜென்ட் ரசீது கேட்டால் நான் எங்கே போவேன்?

சரி என்று கீழச்சிவல்பட்டிக்கு பஸ் ஏறி மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உனக்கென்று சொன்னதும் மனிதர் துள்ளிக் குதித்துவிட்டார். பிரஸ்ஸில் பிள்ளையார் படம் போட்டு லெட்டர்பேடு அடித்து, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். மருது எனக்குப் பெற்ற பிள்ளை மாதிரி, அவன் என்னிடம் ஒருநாளும் கூலிக்கு வேலை பார்த்ததில்லை, என் வீட்டில் சாப்பிட்டான், என் வீட்டில் படுத்தான் என்று எழுதியிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாசித்து எனக்குக் கண் கலங்கிப் போனது. தீபா அதை உன் ஏஜென்டுக்கு அனுப்பினாள், அந்தத் தம்பி போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். வேலை பார்த்ததே இல்லை என்று முதலாளியே எழுதிக் கொடுத்தால் எப்படி ஐயா, இதைப் பார்த்தால் சொந்தக்காரர் எழுதின மாதிரி இருக்கிறது, வேலையாள் என்று போட்டு வாங்கி வாருங்கள் என்றார். எனக்குக் கண் கலங்கின கடிதம் அவருக்கு ஆகவில்லை.

மறுபடி போனால் மாஸ்டர் ஊரில் இல்லை, நாட்டரசன்கோட்டையில் உமையாள் ஆச்சி வீட்டுக் கல்யாணத்தில் இருக்கிறார் என்றார்கள். அங்கேயே போய் அடுப்படியில் நின்று விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். என்னண்ணே பேசுறீக, அவனப் போயி வேலையாள்னு என் கையால எழுதச் சொல்றீகளே, உங்களுக்கே நல்லாருக்கா என்று கேட்டார். வேணும்னா வருசத்தக் கூட்டி அஞ்சுன்னு போட்டுத் தாரேன், பத்துன்னு போட்டுத் தாரேன், அந்த வார்த்தை மட்டும் வேணாம் என்றார். மாஸ்டர், ஒரு நாள் கூட்டிப் போட்டாலும் ஓட்டல்காரங்க கொடுத்த தேதியோட முட்டும், பொய்யின்னு தெரிஞ்சா அந்த நாட்டுப் பக்கமே அவன் தலை வைக்க முடியாது என்று கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை, அங்குட்டுத் திரும்பிக்கொண்டார். ஒரு மனிதருடைய பிரியமே உன் காலை வாரிவிடப் போகிறதே என்று நின்றேன்.

அந்த நேரம் பணியாரச் சட்டியடியில் நின்ற ஒருத்தனை மாஸ்டர் பிடித்து ஏசினார் பார், பந்தியில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. ஏன் மாஸ்டர், நம்ம மருதுவ இப்படி வஞ்சதே இல்லையா என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. வையாமலா, கொஞ்சமாவா வஞ்சேன் என்று ஆரம்பித்தார். வந்த புதிதில் வெங்காயத்தைக் கொத்திப் போட்டதற்கு ஏச்சு, கானாடுகாத்தான் கல்யாணத்தில் கவுனி அரிசியை வேகுமுன் இறக்கியதற்கு ஏச்சு, மறு வருஷம் வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடித்ததற்கு, ஆடியில் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் போன் பேசிக்கொண்டே இனிப்புக்குக் கிண்டின கும்மாயத்தை அடிப்பிடிக்க விட்டதற்கு. அன்றைக்கு நாலு பேர் முன்னால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு விரட்டிவிட்டாராமே, எங்களிடம் நீ மூச்சுக்கூட விடவில்லையே திருட்டுப் பயலே! கடைசி வருஷம் காலைப் பலகாரம் முழுக்க உன்னிடம் விட்டுவிட்டு, அதற்கும் வைதிருக்கிறார். எந்த வீடு, எந்த மாதம் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். வெங்காயத்தில் தொடங்கிப் பலகாரப் பொறுப்பு வரைக்கும் உன் வேலை மொத்தமும் அந்த ஏச்சிலேயே வந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததும் கேட்டேன். பெத்த பிள்ளையவா மாஸ்டர் கும்மாயத்துக்காக வீட்டுக்கு விரட்டுவீக, வேலை பாக்குறவனத்தானே விரட்டுவோம் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சரிதாண்ணே, அடுப்பு எரியிற மட்டும் அவன் என்கிட்ட வேலை பாத்த ஆளு, அடுப்ப அணைச்சப்புறந்தான் பிள்ள, எழுதிருவோம் என்றார். அங்கேயே கடுகுச் சாக்கின் மேல் லெட்டர்பேடை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். உமையாள் ஆச்சி வேறு, முன்னே நடந்த மூத்த மகள் கல்யாண வீடியோவைத் தேடிக் கொடுத்து, எங்க வீட்ல அவன் சமைச்சான்னு நானும் எழுதித் தாரேன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வீடியோவில் உன்னைத் தேட உன் அம்மாவை உட்கார வைத்தேன், அவள் கல்யாணப் பொண்ணு கட்டியிருந்த பட்டிலேயே பாதிப் படத்தைக் கழித்துவிட்டாள். கடைசியில் புகைக்குள் தெரிந்த ஒரு பின்மண்டையைப் பார்த்து, இந்தா எம்பிள்ளை என்று கத்தினாள். அந்த இடத்தைப் போட்டோவாகப் போட்டு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

ஏஜென்ட் தம்பி இந்தத் தடவை, பிரமாதம் ஐயா, இது நிற்கும் என்று சொல்லிவிட்டார். இனி ஆக வேண்டியது உன் கையில். ஆனால் ஒன்று. கையெழுத்துக்கு மேலே மாஸ்டர் தானாக ஒரு வரி சேர்த்திருக்கிறார், அதை நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். இவன் உங்களுக்கு வேண்டாம் என்றால் தயவுசெய்து உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள், எங்களுக்கு வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மதுரையில் இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தவர் இந்த வரியை விட்டுவிடலாமா என்று கேட்டார். உள்ளதை உள்ளபடி போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். உனக்கு அந்த ஊர் கிடைக்க வேண்டும் என்றுதான் இந்த வெயிலில் அலைந்தேன், கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் அந்த விசா ஆபீசர் இந்த வரியையும் வாசிக்கட்டும் மருது. உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்து அதை மட்டும் மூன்று தடவை என்னை வாசிக்கச் சொன்னாள், மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பார்க்காமல் சொல்லிவிட்டாள்.

எடுத்த காரியம் கைகூடி, மேலும் மேலும் நீ நன்றாக வர வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். கவர் கைக்கு வந்ததும் முதலில் மாஸ்டருக்குப் போன் போடு. ஏசுவார், வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சோணை