அத்தான் இறங்கிப் போன இடம்

வத்தளை,
18.04.1997

அன்புள்ள தங்கச்சி செலஸ்ரீனாவுக்கு,

கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும். நானும் மகனும் சுகம்.

உங்கள் மாதா கோவில் ஆட்கள் மே மாதம் ஒரு சனியும் ஞாயிறும் பஸ் பிடித்துக் கடற்கரைப் பக்கம் சுற்றப் போவதாக எழுதியிருந்தாய். உன் அத்தானும் வருகிறாராம். அங்கே இத்தாலியில் இருந்துகொண்டு அவர் எனக்கு ஒரு சொல் எழுதவில்லை. முன்பு கறி உறைத்ததைக்கூட எழுதுகிற மனிதர். இப்போது போனில் "ஓம், ஓம், சுகமாத்தான் இருக்கிறன்" என்றுவிட்டு வைத்துவிடுகிறார். யாரோடு கதைக்கிறார் என்று பார்த்து எழுது. நான் கேட்டதாகக் காட்டாதே.

அன்பு அக்கா,
மாக்கிரட்


பலெர்மோ,
12.05.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுத்தான் திரும்பி வந்தோம். வழி முழுக்க ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எலுமிச்சந் தோட்டம். பஸ்ஸில் எல்லோரும் பாடினார்கள். அத்தான் மட்டும் முன் சீட்டில் பேசாமல் இருந்தார். காஸ்தெல்லமாரேயில் எல்லோரும் குளிக்க இறங்க, அவர் தனியே மலைப் பாதையில் ஏறினார். நானும் பின்னால் போனேன். ஒரு ஒலிவ் தோட்டத்துக் கதவை இத்தாலியப் பெண் ஒருத்தி திறந்து அவரை உள்ளே விட்டாள். அக்கா, நான் வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரவு எல்லோரும் அங்கேயே தங்கினோம். ஞாயிறும் போனார். அன்று என்னைக் கண்டுவிட்டார்.

"செலஸ்ரீனா, உன்னை அக்காவோ அனுப்பினவ?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை, ஓம் என்றேன். அத்தான் சொன்னார்:

"அவ வந்தா நாங்கள் ரெண்டு பேரும் இருந்து வேலை செய்ய வீடு கேட்டனான். தோட்டத்தையும் இந்தத் தோட்டக்கார மனிசியின்ரை தாயையும் பாக்கவேணும். போன வருசம் விசா வருமெண்டு சொல்லி, அது வராமல் அவவை அழவைச்சிட்டன். இது சரிவந்த பிறகு சொல்லுவமெண்டு இருந்தன்."

இறங்கும்போது எனக்குக் கால் சறுக்கியது. அத்தான்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பயப்படாதீர்கள், அக்கா.

உங்கள்,
செலஸ்ரீனா


வத்தளை,
02.06.1997

செலஸ்ரீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டின எனக்குச் சொல்லாததை உனக்குச் சொல்லியிருக்கிறார். பார்க்கத்தான் சொன்னேன், பின்னால் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் போதாதென்று இரண்டு நாளும் போயிருக்கிறாய். கையைப் பிடித்தவர் எங்கே விட்டார்? அந்த வீட்டுக்குள் நீயும் போனாயா?

மாக்கிரட்


பலெர்மோ,
20.06.1997

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் நின்ற நிலையைப் பார்த்து, வீட்டில் யாராவது செத்துவிட்டார்களா என்று நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா கேட்டார். இல்லை என்றேன்.

அத்தானிடம் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். வீடு சரிவந்துவிட்டது. நீங்கள் வருவீர்களென்று லீவு நாட்களில் போய்ச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார். இனிக் கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள். நான் மிலானோவில் ஒரு வேலைக்குச் சம்மதித்துவிட்டேன். நீங்கள் வந்து இறங்கும்போது இங்கே இருக்க மாட்டேன். அந்த விலாசத்தை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை.

ஓம், வீட்டுக்குள் போனேன். அந்த மனிசி எங்கள் இருவரையும் கூட்டிப் போய்க் காட்டினாள். அடுப்புக்கு நேரே ஜன்னல் இருக்கிறது. நீங்கள் சமைக்கும்போது கடல் தெரியும்.

செலஸ்ரீனா